யூ.சி. வளாகங்களில் எது கடினமானது, எது கணிக்க முடியாதது?

கேள்வி: பாலாற்றங்கரை (ஃப்ரீமான்ட்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் ஃப்ரீமான்டில் உள்ள அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பை முடிக்கப் போகிறாள். வரும் நவம்பர் இறுதிக்குள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக (யூ.சி.) வளாகங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும். யூ.சி. முறையில் கணக்கிட்டால், அதாவது ஆனர்ஸ், ஏ.பி. என்ற உயர்நிலை வகுப்புகளுக்கான கூடுதல் புள்ளிகளுக்கு உச்சவரம்பு வைத்துப் பார்த்தால், அவளுடைய ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) 4.2-ஐ ஒட்டி வருகிறது. கணினி அறிவியல் படிக்க வேண்டும் என்பது முதல் விருப்பம். மனித அறிதலை ஆராயும் காக்னிடிவ் சயின்ஸிலும் ஆர்வம் இருக்கிறது.

நானும் என் கணவரும் தமிழ்நாட்டில் 200-க்கு எவ்வளவு என்று கட்-ஆஃப் பார்த்து, சென்ற ஆண்டு எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணில் மூடியது என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்சலிங்குக்குப் போனவர்கள். இங்கே அப்படி ஒரு பட்டியல் இருக்கும் என்று தேடினால், ஒவ்வொரு வளாகத்தின் சேர்க்கை விழுக்காடு மட்டும்தான் கிடைக்கிறது. அதை நம்பி வரிசைப்படுத்தலாம் என்றால், எங்கள் தெருவிலேயே ஒரு பையனுக்குப் பெர்க்லியில் இடம் கிடைத்து டேவிஸில் கிடைக்கவில்லை. அவனைவிட அதிக ஜி.பி.ஏ. உள்ள பெண்ணுக்கு நேர்மாறாக நடந்தது.

சேர்க்கை விழுக்காடு குறைவாக உள்ள வளாகம்தான் கணிக்க முடியாத வளாகமா, அல்லது இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்களா? ஒரு வளாகத்துக்கு 80 டாலர் கட்டணம். ஒன்பது வளாகங்களுக்கும் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். போடுவதில் பொருள் இருக்கிறதா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பதில்: கரிசல்

இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள்தாம். யூ.சி.எல்.ஏ. அண்மைய ஆண்டுகளில் 1,45,000-க்கும் மேற்பட்ட முதலாண்டு விண்ணப்பங்களைப் பெற்று, ஏறத்தாழ 9 விழுக்காட்டினருக்கு இடம் தருகிறது. பெர்க்லியில் அது 11 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. மறுமுனையில் மெர்செட், விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேரையாவது ஏற்றுக்கொள்கிறது. கணிப்பு என்று பார்த்தால் இந்த இரு முனைகளும் எளிதானவை. யூ.சி.எல்.ஏ.வில் "கிடைக்காது" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தால் பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்கும். மெர்செட்டில் "கிடைக்கும்" என்று சொன்னாலும் அப்படியே. நம்மைத் தூங்கவிடாத வளாகங்கள் நடுவில் உள்ளவை: நால்வரில் ஒருவரை ஒட்டி எடுக்கும் சான் டியேகோவும் அர்வைனும், மூவரில் ஒருவர் என்ற அளவில் நிற்கும் சான்டா பார்பராவும், பத்தில் நால்வரை எடுக்கும் டேவிஸும். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளுக்கு அங்கேதான் விளைவு இரு பக்கமும் சாயக்கூடும்.

அதோடு, இந்த விழுக்காடு ஆண்டுக்கு ஆண்டு நிலையாக நிற்பதும் இல்லை. சான் டியேகோ 2021-இல் மூவரில் ஒருவரை எடுத்தது. அடுத்த ஆண்டே அது நால்வரில் ஒருவருக்கும் கீழே இறங்கியது. சான்டா குரூஸ் 2022-இல் பாதிக்கும் குறைவானவர்களுக்கே இடம் தந்துவிட்டு, 2023-இல் 60 விழுக்காட்டைத் தாண்டியது. இடையில் பிள்ளைகளின் தரம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்வார்கள் என்பதை வளாகம் முன்கூட்டியே ஊகித்துத்தான் கடிதம் அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த ஊகம் ஓர் ஆண்டு தவறி, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலானோர் வந்துவிட்டால் விடுதியில் இடம் இல்லாமல் போகும். அடுத்த ஆண்டு கையை இறுக்கிப் பிடிப்பார்கள். குறைவாக வந்தால் தளர்த்துவார்கள். இரண்டாண்டுப் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு இன்று வாய்ப்புக் கணக்குப் போடுவது இதனால்தான் பயனற்றது.

விண்ணப்ப எண்ணிக்கை வீங்கிய கதையும் இதில் சேரும். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. பொதுத் தேர்வுகளைக் கட்டாயமாகக் கேட்பதை நிறுத்த 2020 மே மாதம் யூ.சி.யின் ஆட்சிக் குழு முடிவெடுத்தது. 2021-இல் ஏற்பட்ட வழக்குச் சமரசத்துக்குப் பிறகு அந்த மதிப்பெண்ணை அனுப்பினாலும் பார்ப்பதில்லை என்று ஆகிவிட்டது. யூ.சி.எல்.ஏ.வுக்கு 2020-இல் வந்த விண்ணப்பங்கள் சுமார் 1,09,000. மறு ஆண்டு சுமார் 1,39,000. ஒரே விண்ணப்பத்தில் இன்னொரு வளாகத்தின் பெயரையும் குறித்து 80 டாலர் கட்டினால் போதும் என்பதால், ஒரே பிள்ளை பல வளாகங்களின் எண்ணிக்கையிலும் நிற்கிறது.

பெர்க்லியில் 2022-இல் நடந்ததை எந்தக் கணிப்பாளராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் தொடுத்த வழக்கில், மாணவர் எண்ணிக்கைக்கு நீதிமன்றம் விதித்த வரம்பை நீக்க மாநில உச்ச நீதிமன்றம் மார்ச் தொடக்கத்தில் மறுத்துவிட்டது. முடிவுக் கடிதங்கள் போக வேண்டிய மாதம் அது. சட்டமன்றம் அவசரமாக ஒரு சட்டம் இயற்றி, ஆளுநர் நியூசம் மார்ச் 14 அன்று கையெழுத்திட்ட பிறகுதான் நிலைமை சீரானது. அந்த இரு வாரங்களில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை வைத்திருந்த வீடுகளில் வேறு பேச்சே இருந்திருக்காது.

---

பதில்: தேன்சிட்டு

அம்மா, வணக்கம். நான் தற்போது ஒரு யூ.சி. வளாகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மேலே எழுதியவர் வளாகத்தின் மொத்த விழுக்காட்டை வைத்தே பேசியிருக்கிறார். உங்கள் மகள் கணினி அறிவியல் கேட்கிறாள் என்றால், அந்த எண்களில் பாதிக்குப் பொருள் இல்லை. எந்த மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) விண்ணப்பிக்கிறோம் என்பதை எந்த வளாகம் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. அது வளாகத்துக்கு வளாகம் மாறுகிறது.

யூ.சி.எல்.ஏ.வில் கலை, அறிவியல் பாடங்களுக்கான பெரிய கல்லூரியில் முதலாண்டுச் சேர்க்கைக்கு மேஜரைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கணினி அறிவியல் அங்கே இல்லை. அது சாமுவேலி பொறியியல் பள்ளியில் இருக்கிறது, அங்கே மேஜரைப் பார்க்கிறார்கள். காக்னிடிவ் சயின்ஸும், மேத்தமேடிக்ஸ் ஆஃப் கம்ப்யூட்டேஷன் என்ற பாடமும் பெரிய கல்லூரியில் உள்ளன. ஆக, ஒரே வளாகத்தில் இரண்டு கதவுகள். இரண்டின் நெருக்கடியும் வேறு.

பெர்க்லியில் முன்பு மேஜர் குறிப்பிடாமல் உள்ளே வந்து, குறிப்பிட்ட வகுப்புகளில் 3.3 எடுத்தால் கணினி அறிவியலுக்குள் போகலாம் என்ற வழி இருந்தது. 2023-இல் சேர்ந்தவர்களிலிருந்து அந்த வழி குறுகிவிட்டது. விண்ணப்பத்திலேயே கேட்டு, அதற்கென்றே தேர்வாக வேண்டும். அதே ஆண்டில் கணினி, தரவு அறிவியலுக்கென்று தனிக் கல்லூரியும் உருவாயிற்று. அங்கே இந்தப் பாடங்களுக்கான சேர்க்கை ஒற்றை இலக்க விழுக்காட்டில் இருக்கிறது. "பெர்க்லி 11 விழுக்காடு" என்பதை உங்கள் மகளுக்கான எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சான் டியேகோவில் கணினியியல், தரவு அறிவியல், பொறியியல் போன்றவை செலெக்டிவ் மேஜர், அதாவது இடத்தைவிடப் போட்டி மிகுந்த பாடங்கள், என்று குறிக்கப்பட்டவை. முதல் விருப்பம் கிடைக்காதபோது, மாற்றாகக் குறித்த பாடத்தில் இடம் தரும் வழக்கம் அங்கே உண்டு. எனவே மாற்றுப் பாடம் என்ற கட்டத்தில் இன்னொரு செலெக்டிவ் மேஜரையே எழுதிவிடுவது வீண். காக்னிடிவ் சயின்ஸில் உண்மையான ஆர்வம் இருந்தால் அதை எழுதச் சொல்லுங்கள். அந்தத் துறையை உலகிலேயே முதலில், 1986-இல், தனித்துறையாகத் தொடங்கிய இடம் சான் டியேகோதான். யூ.சி.எல்.ஏ.வும் பெர்க்லியும் பொதுவாக மாற்றுப் பாடத்தைப் பரிசீலிப்பதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எளிதான மேஜரில் நுழைந்து பிறகு கணினி அறிவியலுக்கு மாறிக்கொள்ளலாம் என்று பல அங்கிள்கள் அறிவுரை கூறுவார்கள். இன்று பெரும்பாலான வளாகங்களில் அந்தப் பின்வாசல் கிட்டத்தட்டப் பூட்டப்பட்டுவிட்டது. எந்தப் பாடத்தில் நான்கு ஆண்டுகள் இருக்கவும் அவளுக்குச் சம்மதமோ அதை மட்டுமே எழுதட்டும்.

---

பதில்: வடகரை

சகோதரி, நான் இம்மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி ஆலோசகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். உங்கள் தெருப் பையனின் கதையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒன்பது வளாகங்களும் ஒரே விண்ணப்பத்தைப் பெறுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன்னுடைய வாசிப்பாளர்களைக் கொண்டு தனியாக மதிப்பிடுகிறது. ஒரு வளாகத்தின் முடிவு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. பயன்படுத்தும் அளவுகோல்கள் எழுத்தில் இருப்பவைதாம். தேர்வு மதிப்பெண் போனபின் 13 உள்ளன. அவற்றில் எதற்கு எவ்வளவு எடை என்பது வளாகத்தின் உரிமை. இனத்தையோ பாலினத்தையோ கணக்கில் கொள்ளக் கூடாது என்று 1996-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 209-ஆம் முன்மொழிவு இன்றும் நடப்பில் உள்ளது. அந்தக் கோணத்தில் வாட்ஸ்அப்பில் வரும் விளக்கங்களை ஒதுக்கிவிடலாம்.

வாசிப்பவர் உங்கள் மகளின் 4.2-ஐத் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை. அவள் படிக்கும் பள்ளியில் எத்தனை ஏ.பி. வகுப்புகள் உள்ளன, அதே பள்ளியிலிருந்து விண்ணப்பித்த மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற பின்னணியோடு பார்க்கிறார்கள். ஃப்ரீமான்ட், குப்பர்டினோ, சான் ரமோன் போன்ற ஊர்களின் சிக்கல் இதுதான். பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோ ஆகியவற்றில் இடம் பெறுவோரில் நடுப்பாதியினரின் உச்சவரம்பிட்ட ஜி.பி.ஏ. ஏறத்தாழ 4.1-க்கும் 4.3-க்கும் இடையே அடங்கிவிடுகிறது. கூடுதல் புள்ளிகள் எட்டு செமஸ்டர்களுக்கு மேல் கிடையாது என்பதால் அதற்கு மேலே போக இடமும் அதிகம் இல்லை. உங்கள் பள்ளியிலேயே அந்தக் குறுகிய இடைவெளியில் நூறு பிள்ளைகள் நிற்கும்போது, எண் அவர்களைப் பிரித்துக் காட்டாது. மிச்சம் இருப்பவை நான்கு கட்டுரைகளும், 20 வரை பதியக்கூடிய செயல்பாடுகளும்தாம். பரிந்துரைக் கடிதமும் பொதுவாகக் கிடையாது; ஆலோசகராக இருந்த நான் ஒரு பிள்ளைக்காக யூ.சி.க்கு ஒரு வரி எழுதிப் போட வழி இருந்ததில்லை.

மனிதர் வாசிக்கும்போது மனிதருக்கு மனிதர் வேறுபாடு வரும். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. மாநிலத் தணிக்கையாளர் 2020 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில், தொடர்புகளின் பேரில் முறையற்றுச் சேர்க்கப்பட்ட 64 பேரைப் பற்றிய பகுதியைத்தான் செய்தித்தாள்கள் பெரிதாகப் போட்டன. அதைவிட நமக்கு முக்கியமான பகுதி, வாசிப்பாளர்களுக்குப் போதிய பயிற்சியும் கண்காணிப்பும் இல்லாததால், விண்ணப்பத்தை யார் வாசித்தார் என்பதே வாய்ப்பைத் தகாத அளவில் பாதித்தது என்ற கண்டறிவு. எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு ஓரிடத்தில் ஆம், ஓரிடத்தில் இல்லை என்று வருவதற்கு வேறு சூழ்ச்சி எதுவும் தேவையில்லை.

அதனால் கையில் உள்ளதை நன்றாகச் செய்யுங்கள். எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் எழுத வேண்டும். நம் பிள்ளைகள் பலர் அரங்கேற்றத்தைப் பற்றி எழுதும்போது மேடையின் விளக்கு, சலங்கையின் ஒலி என்று முக்கால் பக்கம் வருணித்துவிட்டு, தான் என்ன செய்தோம் என்பதைக் கடைசி இரு வரிகளில் அடைப்பார்கள். வாசிப்பவருக்கு வருணனை தேவையில்லை. "தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியை" என்று மட்டும் பதிவதற்கும், "ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ல, ள, ழ வேறுபாடு பிடிபடாததால் நானே அட்டைகள் தயாரித்தேன், இப்போது மற்ற வகுப்புகளும் அவற்றைப் பயன்படுத்துகின்றன" என்று பதிவதற்கும் உள்ள தொலைவு பெரிது. செயல்பாட்டு விளக்கத்துக்கு 350 எழுத்துகளே இடம் என்பதால், ஒவ்வொரு வரியும் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். பள்ளி விட்டதும் தம்பியை அழைத்து வந்து வீட்டைப் பார்த்துக்கொள்வதும் பதிவு செய்யத்தக்க பொறுப்பே. நம்மவர்கள் அதை எழுதக் கூச்சப்படுகிறார்கள்.

---

பதில்: மேற்கு மலை

இத்தனை விளக்கம் எதற்கு? இது லாட்டரி. ஒன்பது சீட்டு வாங்கினால் ஒன்றாவது விழும். உங்கள் கணவர் சொல்வது சரி, ஒன்பதுக்கும் போடுங்கள்.

---

பதில்: வடகரை

ஐயா, லாட்டரியில் ஒரு சீட்டுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு இல்லை. இங்கே ஒன்பது இடங்களிலும் வாசிக்கப்படுவது ஒரே கட்டுரைகள், ஒரே மதிப்பெண்கள். அவற்றில் ஒரு பலவீனம் இருந்தால் அது ஒன்பது இடங்களிலும் தெரியும். கணினி அறிவியலுக்கே ஆறு வளாகங்களில் கேட்டுவிட்டு ஆறிலும் இல்லை என்று வாங்கிய நல்ல பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று பெற்றோர் போட்ட பெருக்கல் கணக்குக்கு அது ஒத்துவரவில்லை. வளாகங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, அவற்றின் வகையைப் பரப்புவதுதான் பயன் தரும். மெர்செட்டுக்கோ ரிவர்சைடுக்கோ எந்த நிலையிலும் போகமாட்டாள் என்றால், அங்கே 80 டாலர் கட்டுவது காப்பீடு ஆகாது.

---

பதில்: பாலாற்றங்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. பள்ளியில் முதல் 9 விழுக்காட்டில் வந்தால் யூ.சி.யில் இடம் உறுதி என்று ஒரு விதி இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அதை நம்பலாமா? மாநிலத்தின் மற்றொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட்டின் வளாகங்களும் இதே போலத்தான் வாசிக்கின்றனவா?

---

பதில்: கரிசல்

விதி உண்மைதான். ஒவ்வொரு பங்கேற்கும் பள்ளியிலும் முதல் 9 விழுக்காட்டினருக்கும், மாநில அளவில் முதல் 9 விழுக்காட்டினருக்கும், விண்ணப்பித்த எந்த வளாகமும் ஏற்காவிட்டால், காலியிடம் உள்ள வேறொரு வளாகம் இடம் தரும். நடைமுறையில் அது பெரும்பாலும் மெர்செட்தான். கேட்ட வளாகமும் கேட்ட மேஜரும் உறுதி என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை. முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்கு யூ.சி., முதல் மூன்றில் ஒரு பங்குக்குக் கால் ஸ்டேட் என்று 1960-இல் போட்ட பெருந்திட்டத்தின் வாரிசு இது. அந்தத் திட்டமும் அமைப்புக்குள் ஓர் இடத்தைத்தான் சொன்னதே தவிர, பெர்க்லியைச் சொல்லவில்லை.

கால் ஸ்டேட் வளாகங்கள் உங்களுக்குப் பழகிய கவுன்சலிங் முறைக்குச் சற்று அருகில் வருகின்றன. கட்டுரை இல்லை, எஸ்.ஏ.டி.யை 2022-இல் முழுமையாகக் கைவிட்டார்கள். நெருக்கடி உள்ள மேஜர்களில் ஜி.பி.ஏ.வையும் வளாகம் வகுத்த சில காரணிகளையும் எண்ணாக்கி வரிசைப்படுத்துகிறார்கள். சான் லூயிஸ் ஒபிஸ்போவில் உள்ள கால் பாலி இவற்றில் மிகக் கடினமானது. அங்கே ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணும் சேரும், யூ.சி.யில் சேராது. சான் ஹோசே ஸ்டேட் உங்கள் வீட்டுக்கு அருகில் இருந்தாலும், உள்ளூர் முன்னுரிமை சான்டா கிளாரா கவுன்டிக்குத்தான். ஃப்ரீமான்ட் அலமீடா கவுன்டியில் இருப்பதால் உங்களுக்கு உள்ளூர் வளாகம் ஹேவர்டில் உள்ள ஈஸ்ட் பே.

இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள் என்றாலும். உங்கள் ஊரிலேயே ஓலோனி சமுதாயக் கல்லூரி இருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டுகள் படித்து, வகுத்த பாடங்களையும் ஜி.பி.ஏ.வையும் நிறைவு செய்தால், டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறில் ஒன்று எழுத்திலேயே இட உறுதி தருகிறது. பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோ மூன்றும் இதில் இல்லை. விலக்கப்பட்ட பாடங்களும் உண்டு. சான்டா பார்பராவின் பொறியியல் கல்லூரி முழுவதும் விலக்கு, கணினி அறிவியல் அந்தக் கல்லூரியில்தான் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லக்கூடிய விதிகள் உள்ள வழி என்றால் இம்மாநிலத்தில் இதைவிட வேறு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

---

பதில்: பாலாற்றங்கரை

தெளிவாகிவிட்டது. சான் டியேகோவில் மாற்றுப் பாடமாகக் காக்னிடிவ் சயின்ஸை எழுதுவதாக மகளே சொல்லிவிட்டாள், யூ.சி.எல்.ஏ.வுக்கு எந்தக் கதவு என்பதில்தான் வீட்டில் இன்னும் விவாதம். வெயிட்லிஸ்ட் என்று வந்தால் என்ன செய்வது என்பதையும் யாராவது சொல்ல முடியுமா?

---

பதில்: வடகரை

வெயிட்லிஸ்ட் தானாக நடக்காது. அந்த வளாகத்தின் இணையப் பக்கத்துக்குள் போய், குறித்த நாளுக்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டு, கையில் உள்ள இடங்களில் சிறந்ததற்கு மே 1-க்குள் ஒப்புதல் அளித்து முன்பணம் கட்டிவிடுங்கள். பின்னர் அழைப்பு வந்து மாறினால் அந்தப் பணம் திரும்பாது. எத்தனை பேரை அழைப்பார்கள் என்பது ஓராண்டில் ஆயிரக்கணக்கிலும் மறு ஆண்டில் ஒன்றுமில்லாமலும் போகக்கூடியது.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. யூ.சி.யின் தகவல் மையத் தளத்தில், பள்ளிவாரியாக எத்தனை பேர் எந்த வளாகத்துக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, அவர்களின் சராசரி ஜி.பி.ஏ. என்ன என்ற தரவு பொதுவெளியிலேயே இருக்கிறது. உங்கள் மகளின் பள்ளிப் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டை மட்டும் பார்க்காமல் நான்கைந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். அதில் மேஜர் தெரியாது; கணினி அறிவியலுக்கு அதைவிடக் குறைவு என்று நீங்களே கழித்துக்கொள்ள வேண்டும்.